புராஸ்டேட் பரிசோதனை: செய்துகொள்வதா, விடுவதா, எண் வந்தபின் எந்த வழி?

ஆய்வகம் தந்த தாளில் எல்லா வரிகளும் சாதாரண எழுத்தில் இருக்கின்றன. ஒரு வரி மட்டும் தடித்த எழுத்தில்: பி.எஸ்.ஏ 5.6. பக்கத்திலேயே, இயல்பான அளவு 0 முதல் 4 வரை என்ற குறிப்பு. அந்தத் தாளைக் கையில் வாங்கும் ஐம்பத்தெட்டு வயதுக்காரர், மருத்துவரைப் பார்க்கும் நாள் வருவதற்குள் மனத்துக்குள் பலமுறை செத்துப் பிழைத்துவிடுகிறார். வீட்டில் சொல்வதா வேண்டாமா என்று தெரியாமல் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொள்கிறார். முழு உடல் பரிசோதனைத் தொகுப்பில் அதுவும் சேர்ந்திருந்தது, அதனால் எடுத்தார்கள். வேண்டுமா என்று யாரும் அவரிடம் கேட்கவில்லை. எதற்கு என்று அவரும் கேட்கவில்லை.

அவரை மனத்தில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். பி.எஸ்.ஏ என்ற இந்த ரத்தப் பரிசோதனையால் புராஸ்டேட் புற்றுநோயை முன்கூட்டியே தேடுவதைப் பற்றி இரண்டு குரல்கள் ஓங்கிக் கேட்கின்றன. ஐம்பது தாண்டிய ஆண் ஒவ்வொருவரும் ஆண்டுதோறும் செய்துகொள்ள வேண்டும் என்பது ஒன்று. அது வீண் பயத்தையும் தேவையற்ற அறுவையையும்தான் கொண்டுவரும், அந்தப் பக்கமே போகாதீர்கள் என்பது மற்றொன்று. இரண்டுக்கும் பின்னால் உண்மையான ஆய்வுகள் இருக்கின்றன. ஆனால் இரண்டு தரப்பாருமே இதை ஒரே ஒரு முடிவாகப் பேசுகிறார்கள். அங்கே வரிசையாக ஐந்து முடிவுகள் காத்திருக்கின்றன: ரத்தம் கொடுப்பதா, எண் கூடினால் மறுபடி பார்ப்பதா, ஸ்கேனுக்குப் போவதா, ஊசியால் திசு எடுப்பதா, புற்றுநோய் தெரிந்தால் சிகிச்சையா கண்காணிப்பா. ஒவ்வொரு படியிலும் நின்று யோசிக்கலாம், திரும்பியும் வரலாம். முதல் படியில் கால் வைத்தால் கடைசிப் படிவரை ஏறியே ஆக வேண்டும் என்று எண்ணிப் பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். வேறு பலர் அதே எண்ணத்தில் மளமளவென்று ஏறிவிட்டுப் பின்னால் வருந்துகிறார்கள்.

எண் எதைச் சொல்கிறது

புராஸ்டேட், சிறுநீர்ப்பைக்குக் கீழே சிறுநீர்க் குழாயைச் சுற்றி அமைந்த சுரப்பி. விந்துநீரின் ஒரு பகுதியைச் சுரப்பது அதன் வேலை. பி.எஸ்.ஏ என்பது அந்தச் சுரப்பியின் செல்கள் உண்டாக்கும் ஒரு புரதம். விந்து கட்டியாக நின்றுவிடாமல் நீர்க்கச் செய்கிறது. நலமான செல்லும் அதை உண்டாக்கும், புற்றுச் செல்லும் உண்டாக்கும். சிறிதளவு ரத்தத்தில் கசிவது இயற்கை. சுரப்பி வீங்கினாலும், அதில் கிருமித் தொற்று வந்தாலும், புற்றுநோய் வந்தாலும் கசிவு கூடும். புராஸ்டேட்டில் ஏதோ நடக்கிறது என்று சொல்ல அந்த எண்ணுக்குத் தெரியும். என்ன நடக்கிறது என்று சொல்லத் தெரியாது.

இதன் வரலாறும் நினைவில் வைக்கத்தக்கது. அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 1986இல் இந்தப் பரிசோதனைக்கு அனுமதி அளித்தபோது, ஏற்கெனவே புற்றுநோய் உள்ளவர்களைத் தொடர்ந்து கவனிப்பதற்காகத்தான் அளித்தது. நோயைக் கண்டுபிடிக்கவும் பயன்படுத்தலாம் என்ற அனுமதி 1994இல்தான் வந்தது. 1970இல் புராஸ்டேட்டுக்கே உரிய ஒரு புரதத்தை அடையாளம் கண்டவர்களில் ஒருவரான ரிச்சர்ட் ஆப்ளின், பின்னாளில் இதை எல்லா ஆண்களுக்கும் செய்யும் வழக்கத்தைக் கடுமையாக எதிர்த்தார். அவர் சொன்ன முடிவோடு நான் முழுமையாக உடன்படவில்லை. ஆனால் புரதத்தை அறிந்த ஒருவரே இப்படிக் கவலைப்பட்டார் என்பது, அந்த எண்ணுக்கு நாம் கொடுக்கும் மரியாதையைக் கொஞ்சம் அளந்து கொடுக்கச் சொல்கிறது.

தாளில் அச்சிட்டிருக்கும் 4 என்ற எல்லைக்கோடு அப்படியொன்றும் கெட்டியானது அல்ல. ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் 4 நானோகிராம் என்பது வழக்கத்தில் நிலைத்துவிட்ட ஓர் அளவு. அமெரிக்காவில் நடந்த ஒரு பெரிய தடுப்பு ஆய்வில், பி.எஸ்.ஏ 4ஐத் தாண்டாத ஆண்களுக்கும் இறுதியில் திசு எடுத்துப் பார்த்தார்கள். அவர்களில் சுமார் 15 சதவீதத்தினரிடம் புற்றுநோய்ச் செல்கள் இருந்தன. மறுபுறம், எண் கூடியிருக்கும் ஆண்களில் ஏறக்குறைய நால்வரில் மூவருக்குப் புற்றுநோய் இருப்பதில்லை. கோட்டுக்குக் கீழே முழு நிம்மதியும் இல்லை, மேலே முழு ஆபத்தும் இல்லை. எண் ஏற ஏற வாய்ப்பும் ஏறுகிறது, அவ்வளவே.

பரிசோதனையே வேண்டாம் என்பவர்களின் வழி

இந்த வழியைச் சோம்பல் என்றோ பயம் என்றோ ஒதுக்கிவிடக் கூடாது. வேறு காரணங்களால் இறந்த முதியவர்களின் உடலைப் பரிசோதித்த ஆய்வுகள் வியப்பூட்டும் ஓர் உண்மையைக் காட்டின. எண்பது வயதை எட்டியவர்களில் பாதிப் பேருக்கும் மேல் புராஸ்டேட்டில் புற்றுநோய் இருந்திருக்கிறது. அது அவர்களைக் கொல்லவில்லை; பலருக்கு இருந்ததே தெரியாது. இந்த நோயின் பெரும்பகுதி அவ்வளவு மெதுவாக வளர்கிறது. அப்படித் தூங்கிக்கிடந்த ஒன்றைத் தட்டி எழுப்பி, அதற்கு அறுவையும் செய்து, மனிதரைச் சிறுநீர் கசிவோடும் விறைப்புக் குறைவோடும் மீதி வாழ்நாளைக் கழிக்க வைப்பது பெரிய அநியாயம். பல ஆண்களுக்கு இது நேர்ந்திருக்கிறது. மிகைக் கண்டறிதல் என்று மருத்துவர்கள் இதைச் சொல்கிறார்கள்.

எழுபதைத் தாண்டியவருக்கும், இதயமோ சிறுநீரகமோ நுரையீரலோ ஏற்கெனவே பலவீனப்பட்டு இன்னும் பத்தாண்டு ஆயுளை உறுதியாக எதிர்பார்க்க முடியாதவருக்கும் இந்த வழிதான் சரி என்பது என் எண்ணம். பரிசோதனையால் கிடைக்கும் நன்மை பத்து, பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகே தெரிய வருவது. தொல்லையோ அடுத்த மாதமே தொடங்கிவிடும்.

ஆனால் ஐம்பதுகளில் இருக்கும் நலமான ஆண்கள், அறிகுறி ஏதாவது தெரிந்தால் அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லும்போது எனக்குக் கவலை வருகிறது. இந்த ஒரு வாக்கியத்தில் பெரிய தவறு ஒளிந்திருக்கிறது. அறிகுறி என்று அவர்கள் நினைப்பது இரவில் பலமுறை எழுவதை, சிறுநீர் மெல்லிய தாரையாகப் போவதை, போனபின்னும் மீதி இருப்பது போன்ற உணர்வை. இவை பெரும்பாலும் வயதோடு வரும் சாதாரண வீக்கத்தால் வருபவை. அந்த வீக்கம் சுரப்பியின் உட்பகுதியில், சிறுநீர்க் குழாயை ஒட்டி உண்டாகிறது. அதனால் குழாயை நெரிக்கிறது. புற்றுநோய்களில் சுமார் 70 சதவீதம் சுரப்பியின் வெளிவிளிம்பில் தொடங்குகின்றன. அங்கிருந்து அவை எதையும் நெரிப்பதில்லை. எனவே சிறுநீர்த் தொல்லை இருப்பவருக்குப் புற்றுநோய் இல்லாமல் இருக்கலாம். எந்தத் தொல்லையும் இல்லாதவருக்கு இருக்கலாம். முதுகெலும்பிலும் இடுப்பெலும்பிலும் வலி என்று ஒருவர் வரும்போது நோய் எலும்புவரை போயிருக்கும். குணப்படுத்தும் காலம் கடந்திருக்கும். பரிசோதனை வேண்டாம் என்று தீர்மானிப்பவர் இதைத் தெரிந்துகொண்டு தீர்மானிக்கட்டும். உடல் முன்னறிவிப்புக் கொடுக்கும் என்ற நம்பிக்கையில் தீர்மானிக்க வேண்டாம்.

செய்துகொள்பவர்களுக்கு எவ்வளவு நன்மை

இங்கே மூன்று பெரிய ஆய்வுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒன்றை மட்டும் எடுத்துப் பேசினால் எந்த வாதத்தையும் நிறுவிவிடலாம்.

ஐரோப்பாவின் எட்டு நாடுகளில் 55 முதல் 69 வயதுக்குட்பட்ட 1,62,000 ஆண்களைக் கொண்டு நடந்த ஆய்வு முதலாவது. ஒரு பாதியினரைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பி.எஸ்.ஏ பரிசோதனைக்கு அழைத்தார்கள். மறு பாதியினரை அழைக்கவில்லை. 2009இல், ஒன்பது ஆண்டுக் கணக்கு வெளியானபோது, ஓர் உயிரைக் காக்க 1,410 பேரை அழைக்கவும் கூடுதலாக 48 பேருக்குச் சிகிச்சை அளிக்கவும் வேண்டியிருந்தது. அந்தக் கணக்கைப் பார்த்துப் பலர் இந்தப் பரிசோதனையையே கைவிட்டார்கள். ஆனால் இது மெதுவான நோய். ஒன்பது ஆண்டுகள் போதாது. 23 ஆண்டுக் கணக்கு 2025இல் வந்தபோது படம் மாறியிருந்தது. 456 பேரை அழைத்தால் ஒருவர் புராஸ்டேட் புற்றுநோயால் சாவது தவிர்க்கப்படுகிறது; அதற்காகக் கூடுதலாக 12 பேருக்கு நோய் கண்டறியப்படுகிறது. இந்த நோயால் இறந்தவர்களின் பங்கு, அழைக்கப்பட்டவர்களில் 1.4 சதவீதம், அழைக்கப்படாதவர்களில் 1.6 சதவீதம்.

இரண்டாவது, பிரிட்டனில் 50 முதல் 69 வயதுள்ள 4 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆண்களை உட்படுத்திய ஆய்வு. அங்கே ஒரே ஒரு முறைதான் அழைத்தார்கள். அழைக்கப்பட்டவர்களிலும் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலானவர்களே வந்து ரத்தம் கொடுத்தார்கள். 15 ஆண்டுகள் கழித்து இந்த நோயால் இறந்தவர்கள் அழைக்கப்பட்டவர்களில் 0.69 சதவீதம், அழைக்கப்படாதவர்களில் 0.78 சதவீதம். வேறுபாடு உண்டு, ஆனால் மிகச் சிறியது. ஐம்பது வயதில் ஒருமுறை எடுத்துவிட்டு அதோடு விட்டுவிடுவது எவ்வளவு உதவும் என்பதற்கு இதுவே விடை.

மூன்றாவது, அமெரிக்காவில் சுமார் 76,000 பேரைக் கொண்டு நடந்தது. அது இரு பிரிவுக்கும் இடையே இறப்பில் எந்த வேறுபாட்டையும் காட்டவில்லை. பரிசோதனையை எதிர்ப்பவர்கள் இதைத்தான் முதலில் எடுத்துக்காட்டுவார்கள். ஆனால் அந்த ஆய்வில் பரிசோதனை செய்யக் கூடாத பிரிவில் இருந்தவர்களிலேயே மிகப் பெரும்பாலோர் வெளியே போய்ப் பரிசோதனை செய்துகொண்டிருந்தார்கள். இரு பக்கமும் பரிசோதனை நடந்தபின் வேறுபாடு எங்கிருந்து வரும்? பரிசோதனை பயனற்றது என்று இந்த ஆய்வைக் கொண்டு சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஆக, நன்மை உண்டு, சிறியது, பல ஆண்டுகள் கழித்துத் தெரிவது, ஒருமுறை செய்து விடுவதால் அல்ல, ஒழுங்காகத் தொடர்வதால் வருவது. அமெரிக்க நோய்த்தடுப்புப் பணிக்குழு 2012இல் யாருக்கும் வேண்டாம் என்று சொன்னது. 2018இல் மாற்றி, 55 முதல் 69 வரை உள்ளவர்கள் மருத்துவரோடு பேசித் தாங்களே முடிவு செய்யட்டும், 70க்கு மேல் வேண்டாம் என்றது.

விரல் பரிசோதனையைப் பற்றி ஒரு வார்த்தை. ஆசனவாய் வழியாக மருத்துவர் விரலால் தடவிப் பார்ப்பது இது. வெட்கத்தால் இதற்குப் பயந்தே மருத்துவரிடம் போகாத ஆண்கள் உண்டு. சுரப்பியின் பின்பகுதியை மட்டுமே விரல் தொட முடியும். ஆரம்ப நிலைக் கட்டிகள் விரலுக்கு அகப்படுவதில்லை. அறிகுறி எதுவும் இல்லாதவருக்கு ரத்தப் பரிசோதனையே இதைவிட மேல். விரல் பரிசோதனை வேண்டாம் என்று சொல்லிவிட்டு ரத்தம் மட்டும் கொடுக்கலாம்.

எண் கூடிவிட்டது: உடனே செய்யக் கூடாதது

முதலில் அந்த எண் உண்மையானதா என்று பார்க்க வேண்டும். சிறுநீர்த் தொற்று பி.எஸ்.ஏவைப் பல மடங்கு ஏற்றும். தொற்று ஆறிய பின்னும் எண் இறங்க ஆறு வாரம் முதல் எட்டு வாரம் ஆகும். சிறுநீர் அடைத்துக் குழாய் போட்டிருந்தால் ஏறும். முந்தைய இரண்டு நாட்களில் விந்து வெளியேறியிருந்தாலோ, நெடுந்தூரம் சைக்கிள் ஓட்டியிருந்தாலோ சற்று ஏறலாம். இவை எதுவுமே இல்லாமலும், ஒரே மனிதரின் ரத்தத்தில் இந்த எண் வாரத்துக்கு வாரம் ஏறி இறங்கும். அதனால், கூடிய எண்ணைக் கண்டதும் திசுப் பரிசோதனைக்கு நாள் குறிப்பதா, சில வாரம் பொறுத்து அதே ஆய்வகத்தில் மீண்டும் பார்ப்பதா என்றால், எண் மிக உயரமாக இல்லாதவரை பொறுத்துப் பார்ப்பதுதான் சரி. மறுபரிசோதனையில் கணிசமானவர்களுக்கு எண் இயல்புக்குத் திரும்பிவிடுகிறது. இந்தச் சில வாரங்களில் புற்றுநோய் ஓடிவிடாது. ஆனால் எண் ஐம்பது, நூறு என்று வந்தால் காத்திருப்பது கூடாது. அது வேறு கதை.

நேர்மாறான ஆபத்தும் ஒன்று உண்டு. அதைப் பலர் அறிவதில்லை. வீக்கத்துக்காகக் கொடுக்கும் ஃபினாஸ்டரைடு, டூட்டாஸ்டரைடு ஆகிய மாத்திரைகள் ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் பி.எஸ்.ஏவை ஏறக்குறைய பாதியாக இறக்கிவிடும். தலைமுடி உதிராமல் இருக்கவும் ஃபினாஸ்டரைடு கொடுப்பதுண்டு. அந்த மாத்திரை சாப்பிடுபவரின் தாளில் 3 என்று இருந்தால், உண்மையில் அது 6 என்று எண்ண வேண்டும். ஆய்வகத் தாளுக்கு இது தெரியாது; அது 3 இயல்பு என்றே அச்சிடும். மாத்திரையின் பெயரை மருத்துவரிடம் சொல்ல வேண்டியவர் நாம்தான்.

மறுபடியும் 4க்கும் 10க்கும் இடையில் நிற்கும் எண்ணைப் புரிந்துகொள்ள இரண்டு துணைக் கணக்குகள் உதவும். ரத்தத்தில் உள்ள பி.எஸ்.ஏ சில புரதங்களோடு ஒட்டிக்கொண்டும், ஒட்டாமல் தனியாகவும் இருக்கும். தனியாக இருப்பது மொத்தத்தில் 25 சதவீதத்துக்கு மேல் என்றால் புற்றுநோய்க்கு வாய்ப்புக் குறைவு. 10 சதவீதத்துக்குக் கீழ் என்றால் வாய்ப்பு அதிகம். இரண்டாவது, அடர்த்திக் கணக்கு: பி.எஸ்.ஏ எண்ணைச் சுரப்பியின் கொள்ளளவால் வகுப்பது. ஒருவருக்கு எண் 6, சுரப்பி 60 மில்லிலிட்டர், அடர்த்தி 0.10. இன்னொருவருக்கும் எண் 6, ஆனால் சுரப்பி 30 மில்லிலிட்டர்தான், அடர்த்தி 0.20. முதலாமவரின் எண்ணைப் பெரிய சுரப்பியே விளக்கிவிடுகிறது. இரண்டாமவரின் எண்ணுக்கு வேறு காரணம் தேட வேண்டும். 0.15 என்பதை மருத்துவர்கள் பொதுவாகப் பிரிகோடாக வைத்துக்கொள்கிறார்கள். ஒரே எண் இரண்டு மனிதர்களுக்கு இரண்டு பொருள் தருவதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் கணக்கு எனக்குத் தெரியாது.

நேரே ஊசியா, முதலில் ஸ்கேனா

இந்த ஒப்பீட்டில் மட்டும் எனக்குத் தயக்கமே இல்லை. பழைய முறையில், எண் கூடினால் ஆசனவாய் வழியே அல்ட்ராசவுண்ட் கருவியை நுழைத்து, சுரப்பியின் பத்துப் பன்னிரண்டு இடங்களில் ஊசியால் திசு எடுப்பார்கள். கட்டி எங்கே என்று தெரியாமல் குத்துவது அது. பெரிய கட்டியைத் தவறவிடலாம். தொல்லை தராத சிறு புற்றைத் தற்செயலாகக் குத்தி எடுத்து மனிதரைப் புற்றுநோயாளி ஆக்கிவிடலாம். இரண்டும் நடந்தன.

576 ஆண்களுக்கு இரண்டு முறைகளையும் செய்து ஒப்பிட்ட பிரிட்டன் ஆய்வு ஒன்று 2017இல் வெளியானது. ஆபத்தான புற்றுநோய்களில் எம்.ஆர்.ஐ ஸ்கேன் 93 சதவீதத்தைக் கண்டுபிடித்தது; பழைய ஊசி முறை 48 சதவீதத்தை மட்டுமே கண்டது. அடுத்த ஆண்டு, 500 பேரை இரண்டாகப் பிரித்துச் செய்த பன்னாட்டு ஆய்வு வந்தது. முதலில் ஸ்கேன் எடுத்து, சந்தேக இடத்தில் மட்டும் ஊசி போட்ட பிரிவில் 28 சதவீதத்தினருக்கு ஊசியே தேவைப்படவில்லை. ஆபத்தான புற்றுநோய் 38 சதவீதத்தினரிடம் தெரிந்தது. நேரே ஊசி போட்ட பிரிவில் 26 சதவீதம். சிகிச்சை தேவைப்படாத புற்று, ஸ்கேன் பிரிவில் 9 சதவீதம், மற்றதில் 22 சதவீதம். வேண்டியதைக் கூடுதலாகக் காட்டி, வேண்டாததைக் குறைவாகக் காட்டும் மாற்றங்கள் மருத்துவத்தில் அடிக்கடி வருவதில்லை. பரிசோதனைக்கு எதிராகப் பேசப்பட்ட பழைய வாதங்களில் பாதி, ஸ்கேன் இல்லாத காலத்துக்கு உரியவை.

ஸ்கேன் அறிக்கையில் 'பைராட்ஸ்' என்ற சொல்லும் 1 முதல் 5 வரை ஓர் எண்ணும் இருக்கும். 1, 2 என்றால் ஆபத்தான புற்றுநோய்க்கு வாய்ப்பு மிகக் குறைவு. 4, 5 என்றால் திசு எடுத்தே பார்க்க வேண்டும். 3 என்பது இரண்டும் கெட்டான் நிலை. அங்கேதான் மேலே சொன்ன அடர்த்திக் கணக்குக் கைகொடுக்கிறது. அடர்த்தி குறைவாக இருந்தால் ஊசியைத் தள்ளிப்போட்டுப் பி.எஸ்.ஏவைக் கவனித்து வரலாம் என்று பல மருத்துவர்கள் ஒப்புக்கொள்வார்கள். ஒன்றை மறக்கக் கூடாது: ஸ்கேன் சுத்தமாக இருந்தாலும், பிரிட்டன் ஆய்வின்படி, பத்தில் ஒருவருக்கு அது எதையோ தவறவிட்டிருக்கலாம். ஆகவே நல்ல ஸ்கேன் வந்தவரும் ரத்தப் பரிசோதனையைத் தொடர வேண்டும்.

திசு எடுத்தே ஆக வேண்டும் என்றால், ஆசனவாய் வழியா, விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் இடையிலுள்ள தோல் வழியா என்று கேளுங்கள். முதல் வழியில் ஊசி மலக்குடலின் சுவரைத் துளைத்துப் போகிறது. கிருமி ரத்தத்தில் கலக்கும் அபாயம் அதனால்தான். தோல் வழியே போவதில் அந்த அபாயம் குறைவு. எந்த வழியானாலும் சில நாட்கள் சிறுநீரில் ரத்தமும், சில வாரங்கள் விந்தில் பழுப்பு நிறமும் தெரியும். முன்பே சொல்லாவிட்டால் இது ஆண்களை மிகவும் மிரட்டிவிடுகிறது.

திசு அறிக்கையைப் படிப்பது

டொனால்ட் கிளீசன் என்ற நோய்க்கூறியல் மருத்துவர் 1960களில் வகுத்த மதிப்பெண் முறைதான் இன்றும் அடிப்படை. நுண்ணோக்கியில் தெரியும் செல்களின் அமைப்பு எவ்வளவு சிதைந்திருக்கிறது என்பதற்கு மதிப்பெண் கொடுத்து, அதிகம் காணப்படும் இரண்டு அமைப்புகளின் மதிப்பெண்களைக் கூட்டுவார்கள். நடைமுறையில் மிகக் குறைந்த கூட்டுத்தொகை 6. இது பத்துக்கு ஆறு என்று படிப்பவர், பாதிக் கிணற்றைத் தாண்டியாகிவிட்டது என்று நடுங்குகிறார். உண்மையில் 6 என்பது ஏணியின் முதல் படி. அந்த வகை உடலின் வேறு பகுதிக்குப் பரவுவது மிக மிக அரிது. அதைப் புற்றுநோய் என்ற பெயராலேயே அழைக்க வேண்டுமா என்று மருத்துவர்களுக்குள் விவாதம் நடக்கிறது. இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் 2014இல் 1 முதல் 5 வரை தொகுதிகள் வகுத்தார்கள். கூட்டுத்தொகை 6 என்றால் தொகுதி 1. கூட்டுத்தொகை 8 தொகுதி 4. 9, 10 தொகுதி 5.

7 மட்டும் தனியாகக் கவனிக்க வேண்டியது. 3 கூட்டல் 4, 4 கூட்டல் 3, இரண்டும் 7தான். ஆனால் முதல் எண்தான் அதிகம் உள்ள அமைப்பைச் சொல்வது. 3 முன்னால் நின்றால் தொகுதி 2. 4 முன்னால் நின்றால் தொகுதி 3. பள்ளிக் கணக்கில் வரிசை மாறினால் விடை மாறாது. இங்கே மாறும், சிகிச்சையும் மாறும்.

கண்காணிப்பு, அறுவை, கதிர்வீச்சு

நோய் சுரப்பிக்குள் இருக்கும் நிலையில் கண்டறியப்பட்ட 1,643 ஆண்களைப் பிரிட்டனில் மூன்றாகப் பிரித்தார்கள்: கண்காணிப்பு, அறுவை, கதிர்வீச்சு. 15 ஆண்டுக் கணக்கு 2023இல் வந்தது. புராஸ்டேட் புற்றுநோயால் இறந்தவர்கள் கண்காணிப்பில் 3.1, அறுவையில் 2.2, கதிர்வீச்சில் 2.9 சதவீதம். மூன்றுக்கும் இடையே பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. எந்த வழியில் போனாலும் நூற்றில் 97 பேர் இந்த நோயால் சாகவில்லை.

பிறகு எதைக் கொண்டு தேர்ந்தெடுப்பது? வாழும் விதத்தைக் கொண்டு. அறுவை செய்துகொண்டவர்களில், ஏழாம் ஆண்டு முதல் பன்னிரண்டாம் ஆண்டு வரை 18 முதல் 24 சதவீதத்தினர் சிறுநீர் கசிவுக்காக அணைத்துணி வைக்க வேண்டியிருந்தது. கண்காணிப்பில் அது 9 முதல் 11 சதவீதம், கதிர்வீச்சில் 3 முதல் 8 சதவீதம். கதிர்வீச்சு பெற்றவர்களுக்கு மலம் கசிதல் மற்றவர்களைவிட அதிகம். கண்காணிப்புக்கும் விலை உண்டு: நோய் வேறு இடங்களுக்குப் பரவியது அந்தப் பிரிவில் 9.4 சதவீதம்; மற்ற இரண்டிலும் சுமார் 5. மேலும், கண்காணிப்பில் தொடங்கியவர்களில் 61 சதவீதத்தினர் 15 ஆண்டுக்குள் ஏதோ ஒரு கட்டத்தில் அறுவைக்கோ கதிர்வீச்சுக்கோ போனார்கள். அந்த ஆய்வின் கண்காணிப்பு, பெரும்பாலும் பி.எஸ்.ஏவை மட்டும் நம்பியது. இன்றைய கண்காணிப்பில் ஸ்கேனும் மறு திசுப் பரிசோதனையும் சேர்ந்திருக்கின்றன.

தொகுதி 1 என்று வந்தவருக்குக் கண்காணிப்பையே முதல் வழியாக நான் சொல்வேன். தொகுதி 2இல் கட்டி சிறியதாக இருந்தால் அதைப் பேசிப் பார்க்கலாம். தொகுதி 3 முதல், உடல் தாங்கும் என்றால், சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது. கண்காணிப்பு என்பது கைவிட்டுவிடுவது அல்ல; ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தம், குறித்த இடைவெளியில் ஸ்கேன், தேவைப்படும்போது மறுபடி திசு. சிலரால் உள்ளே ஒன்று இருக்கிறது என்ற நினைப்போடு தூங்க முடியாது. அவர்கள் எல்லாம் தெரிந்தபின் அறுவையைத் தேர்ந்தெடுத்தால் அதுவும் மதிக்கத்தக்க முடிவே.

யாருக்கு எது

தந்தைக்கோ உடன்பிறந்தவருக்கோ இந்த நோய் இருந்தவருக்கு வாய்ப்பு ஏறக்குறைய இரு மடங்கு. பி.ஆர்.சி.ஏ 2 என்ற மரபணுவில் பழுது உள்ளவருக்கு ஆபத்தான வகை இளவயதிலேயே வரக்கூடும். தாய்வழியில் மார்பகப் புற்றுநோயும் கருப்பைக்குழாய், சினைப்பைப் புற்றுநோயும் இருந்த குடும்பத்து ஆண்களும் இதைக் கவனிக்க வேண்டும். ஆப்பிரிக்க வம்சாவளியினருக்கு வாய்ப்பு மற்றவர்களைப் போல் இரு மடங்கு. இவர்கள் நாற்பதுகளின் நடுவிலேயே மருத்துவரோடு பேசத் தொடங்கட்டும். மற்றவர்களுக்கு ஐம்பது, ஐம்பத்தைந்து போதும். முதல் எண் ஒன்றுக்குக் கீழே இருந்தால் ஆண்டுதோறும் ஓட வேண்டிய அவசியம் இல்லை. சில ஆண்டு இடைவெளி விடலாம். அறுபது வயதில் 1ஐத் தாண்டாதவருக்கு, பிற்காலத்தில் இந்த நோயால் இறக்கும் வாய்ப்பு ஆயிரத்தில் இரண்டு அளவுக்குத்தான் என்று சுவீடனில் நீண்டகாலம் தொடர்ந்த ஆய்வு ஒன்று காட்டியது. அவர் நிம்மதியாகப் பரிசோதனையை நிறுத்திவிடலாம்.

தாளை மடித்துப் பையில் வைத்திருக்கும் ஐம்பத்தெட்டு வயதுக்காரர் அதை முதலில் வீட்டில் காட்டட்டும். மருத்துவரிடம் போகும்போது ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு போகட்டும்: ரத்தம் எடுத்த நாள், ஆய்வகத்தின் பெயர், அந்த மாதத்தில் சிறுநீர் எரிச்சலோ காய்ச்சலோ இருந்ததா, சாப்பிடும் மாத்திரைகள், குடும்பத்தில் யாருக்கு என்ன வயதில் என்ன புற்றுநோய், பழைய பி.எஸ்.ஏ எண் ஏதாவது இருந்தால் அதுவும். கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. எத்தனை வாரம் கழித்து மறுபடி பார்க்கலாம்? அப்போதும் கூடியிருந்தால் ஊசிக்கு முன் எம்.ஆர்.ஐ எடுக்க முடியுமா? ஸ்கேன் அறிக்கையில் சுரப்பியின் கொள்ளளவையும் எழுதித் தருவார்களா?